கொடுவா: தசை வளர்ச்சி மரபியல்

சிங்கப்பூரில் தமிழர் கொடுவா என்றும் மலாய்க்காரர் சியாக்காப் என்றும் அழைக்கும் இம்மீன், ஜொகூர் நீரிணையின் மிதவைப் பண்ணைகளில் வலைக்கூண்டுகளில் வளர்க்கப்படுகிறது. பாலூட்டிகளில் பிறந்த பிறகு தசைநார்கள் பெரும்பாலும் பருக்க மட்டுமே செய்யும். பெரிதாக வளரும் மீன்களிலோ புதிய நார்களும் நெடுங்காலம் சேர்ந்துகொண்டே இருக்கும். சந்தைக்காரர் மெச்சும் தடித்த துண்டின் ரகசியம் இதுவே.

இவ்வளர்ச்சிக்குக் கடிவாளம் மயோஸ்டாட்டின் என்னும் புரதம். 1997இல் எலிகளில் கண்டறியப்பட்ட இதன் மரபணு, இன்றைய எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் மூதாதையரில் மரபணுத்தொகுதி இரட்டித்ததால் கொடுவாவில் இரண்டாக உள்ளது. ஜப்பானில் இம்மரபணு முடக்கப்பட்ட கடல்பிரீம் மீன் 2021இல் விற்பனைக்கு வந்தது.

சிங்கப்பூரின் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடம் பிடித்தது வேறு வழி: மரபணுக் குறிப்பான்களின் துணையோடு வேகமாக வளரும் தாய்தந்தையரைத் தேர்ந்து இணைப்பது. எடை ஒரே மரபணுவின் வேலையன்று. பல மரபணுக்களின் சிறுசிறு பங்குகள் கூடியே அது அமைகிறது. கொடுவாவின் 24 குரோமோசோம்களுக்கான விரிவான வரைபடத்தில் இவ்வாய்வுக்கூடத்துக்கும் பங்குண்டு. அது 2016இல் வெளியானது. இதற்கிடையே மீனே ஒரு சிக்கலைத் தருகிறது: ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளில் பெண்ணாக மாறிவிடும். ஆகவே ஒரே தலைமுறை மீன்களை ஜோடி சேர்ப்பது எளிதல்ல.