சாணையில் மறையும் நிறம்

பீட்டர் பிண்டார் என்ற புனைபெயரில் எழுதிய ஜான் வால்காட், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சவரக்கத்தி விற்பவன் ஒருவனைப் பற்றிக் கேலிப் பாட்டு ஒன்று எழுதினார். பன்னிரண்டு கத்தி பதினெட்டு பென்ஸ் என்று கூவி விற்கிறான் அவன். வாங்கிப் போன நாட்டுப்புறத்தான் முகத்தைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்து சண்டை பிடிக்கிறான். அவை சவரம் செய்யச் செய்யப்பட்டவை அல்ல, விற்கச் செய்யப்பட்டவை என்று வியாபாரியே ஒப்புக்கொள்கிறான். மலிவான கருவியைப் பற்றிய வழக்கு முழுவதும் அந்தப் பாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. அரிசி வாங்குகிறவர் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கலாம். துணியை விரலால் தேய்த்துப் பார்க்கலாம். உளியையும் கத்தியையும் கடையில் அப்படிச் சோதிக்க வழியில்லை. சாணை பிடித்து மெருகேற்றிவிட்டால் வார்ப்பிரும்பும் எஃகும் ஒரே மாதிரி மின்னும். எஃகாகவே இருந்தாலும், செஞ்சூட்டிலிருந்து சட்டெனக் குளிர்வித்துத் துவைச்சல் கொடுத்து, மறுபடி இளஞ்சூடு காட்டும்போது வைக்கோல் நிறத்தில் நிறுத்தினார்களா, நீலம் பாயும்வரை விட்டார்களா என்பதில்தான் உளிமுனையின் ஆயுள் இருக்கிறது. அந்த நிறமும் கடைசிச் சாணையில் போய்விடும். வாங்குகிறவர் கண்ணுக்கு மிஞ்சுவது விலை ஒன்றுதான். ஆகவே மலிவான கருவி வாங்கலாமா என்ற கேள்விக்கு விலையை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. எதைக் குறைத்ததால் விலை குறைந்தது என்று கேட்க வேண்டும். இங்கிலாந்தின் ஷெபீல்டும் ஜெர்மனியின் ஸோலிங்கனும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டின.

ஷெபீல்டின் கத்தித் தொழிலாளர்களுக்கு 1624-இல் பாராளுமன்றச் சட்டத்தின் வழியே ஹாலம்ஷயர் கட்லர்ஸ் கம்பெனி என்ற அமைப்பு கிடைத்தது. வெட்டும் விளிம்பை எஃகால்தான் செய்ய வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. ஒவ்வொரு கைவினைஞருக்கும் தனிக் குறி உண்டு. கெட்ட கத்தி கையில் வந்தால் யாருடையது என்று கண்டுபிடிக்க அந்தக் குறி உதவியது. இதைத் தொழிலாளர் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வேலி என்று மட்டும் பார்ப்பது குறைப் பார்வை. வாங்குபவர் கண்ணால் சோதிக்க முடியாத ஒன்றுக்கு இன்னொருவர் பெயரைப் பணயம் வைக்கும் ஏற்பாடு அது. 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் அதே ஊருக்குப் பக்கத்தில் எஃகை மூசையில் முழுக்க உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். சீரான அந்த எஃகுக்குத் தனி மதிப்பு வந்தது. ஆனால் அதற்கு டானமோரா போன்ற இடங்களிலிருந்து வரும் ஸ்வீடன் இரும்பு வேண்டும், அதன் விலையோ அதிகம். உள்ளூர் இரும்பைப் போட்டால் சம்மட்டியடியில் எஃகு வெடித்தது, இரும்போடு ஒட்டிப் பற்றவும் மறுத்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் தமிழ்நாட்டிலிருந்து போனவர் என்பதை நம் வரலாற்று நூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் நிர்வாகத்தில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், அந்த வேலையை விட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலம் பகுதித் தாதுவையும் மரக்கரியையும் நம்பி நடந்த அந்த ஆலை அவருக்கு லாபம் தரவில்லை. ஆனால் இங்குள்ள கொல்லர்கள் சிறு மூசைகளில் உருக்குச் செய்வதை அவர் கூர்ந்து கவனித்தார், அதைப் பற்றி எழுதவும் செய்தார். 1839-இல் இங்கிலாந்தில் காப்புரிமை ஒன்று பெற்றார். உருகும் எஃகில் சிறிதளவு மாங்கனீசுக் கூட்டுப்பொருளைச் சேர்ப்பதுதான் அதன் சாரம். இரும்பிலுள்ள கந்தகத்தின் கேட்டை மாங்கனீசு முறித்துவிடுவதால், விலை குறைந்த இரும்பிலிருந்தும் அடி தாங்கும், பற்றவைக்க வரும் எஃகு கிடைத்தது. ஷெபீல்டில் கருவி எஃகின் விலை வெகுவாக இறங்கியது. ஹீத்துக்கு மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் காப்புரிமையில் எழுதியிருந்த கூட்டுப்பொருளுக்குப் பதிலாக, அது உண்டாகத் தேவையான சரக்குகளை மூசைக்குள்ளேயே போட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். வருடக்கணக்கில் வழக்காடிய அவர் 1851-இல் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை தந்த தீர்ப்பும் அவர் பக்கம் இல்லை. அந்த அநியாயம் ஒரு புறம் இருக்கட்டும். விலை குறைந்த உளி மட்டமான உளியாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு ஹீத்தின் மூசை ஒன்றே பதில். அங்கே விலையைக் குறைத்தது அறிவு. கருவியிலிருந்து எதுவும் களவு போகவில்லை.

களவு போன மலிவும் அதே ஊரில் இருந்தது. வார்ப்பிரும்பை அச்சில் ஊற்றிக் கத்தரிக்கோலும் கத்தியும் செய்து, மெருகேற்றி, அடித்து உருவாக்கியவை போல விற்கும் வழக்கம் பரவியதால்தான் 1819-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சம்மட்டியால் அடித்துச் செய்த பொருளில் மட்டுமே சுத்தியல் குறி இருக்கலாம், வார்த்த பொருளில் கூடாது என்றது அது. வார்ப்பிரும்புக் கத்தரியை விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஏழை வீட்டுக்கு அது போதுமானால் வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் எது எது என்று தெரிந்து வாங்கட்டும் என்ற அந்த அணுகுமுறை இன்றைக்கும் சரியானது என்றே எனக்குப் படுகிறது.

ஐம்பது ஆண்டு கழித்துச் சிக்கல் கடல் கடந்து வந்தது. ஸோலிங்கன் புதிய ஊர் அல்ல. ஹென்கல்ஸ் குடும்பம் தன் இரட்டையர் குறியை 1731-லேயே அங்கே பதிந்துவிட்டது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியிலிருந்து உலகச் சந்தைக்குப் போன சரக்கில் மட்டமானவை மலிந்து கிடந்தன. 1876-இல் பிலடெல்பியா உலகக் கண்காட்சிக்கு ஜெர்மனியின் சார்பில் சென்ற பொறியியல் பேராசிரியர் ஃப்ரான்ஸ் ரூலோ, மலிவும் மட்டமும்தான் நம் தொழிலின் கொள்கையாகிவிட்டது என்ற பொருள்படச் சொந்த நாட்டுப் பத்திரிகைக்கே எழுதினார். ஷெபீல்டின் பெயரைப் பொறித்த ஜெர்மன் கத்திகள் சந்தையில் உலவின. கட்லர்ஸ் கம்பெனி முறையிட்டது. 1887-இல் வணிகக் குறிகள் சட்டம் வந்தது. பொய்யான விவரம் பொறிப்பது குற்றமாயிற்று. பிரிட்டிஷ் பெயரோ குறியோ தாங்கி வரும் அயல்நாட்டுப் பொருள், எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற சொற்கள் எச்சரிக்கைப் பலகையாகப் புறப்பட்டது இப்படித்தான்.

இது பிரிட்டிஷ் முதலாளிகள் தம் சந்தையைக் காத்துக்கொள்ளச் செய்த தந்திரம் என்று ஒருவர் மறுக்கலாம். அதில் பாதி உண்மை. ஜெர்மன் அலகுகளை வரவழைத்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றவர்களில் ஷெபீல்டு வியாபாரிகளும் இருந்தார்கள். வாங்குபவரை ஏமாற்றியதில் தேச வேறுபாடு இல்லை. ஆனால் சட்டத்தின் விளைவைப் பார்த்தால் அந்த மறுப்பு வலுவிழக்கிறது. கத்தியில் நாட்டின் பெயர் ஏறியதும், இத்தனை நாள் நன்றாக உழைத்த பொருள்களில் பலவும் ஜெர்மனியிலிருந்து வந்தவை என்று மக்கள் கண்டுகொண்டார்கள். எர்னஸ்ட் வில்லியம்ஸ் 1896-இல் அந்த மூன்று சொற்களையே தலைப்பாக்கி, ஜெர்மன் சரக்குகள் பிரிட்டனை எப்படி நிறைத்துவிட்டன என்று அபாய மணி அடித்து ஒரு நூல் எழுதினார். பழிக்க ஒட்டிய சீட்டு பத்தே ஆண்டில் விளம்பரமாகிவிட்டது. ஷெபீல்டு கைச்சம்மட்டியை விடத் தயங்கியபோது ஸோலிங்கன் இயந்திரச் சம்மட்டிக்கு மாறியிருந்தது. அதாவது ஹீத் காட்டிய வழியில், முறையை மாற்றி விலையைக் குறைக்கக் கற்றுக்கொண்டிருந்தது. பின்னாளில், 1938-இல், ஸோலிங்கன் என்ற பெயரையே சட்டத்தால் காக்க வேண்டிய அளவுக்கு அதன் மதிப்பு ஏறிவிட்டது.

அப்படியானால் இன்றைய மட்டமான கருவியும் நாளைக்குத் தானாகத் தேறிவிடும், இப்போதே வாங்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். தானாகத் தேறவில்லை என்பதுதான் இந்த வரலாறு. ரூலோ போன்ற ஒருவர் வெளிப்படையாகக் கண்டித்ததும், பெயரை மறைக்க முடியாமல் போனதும் சேர்ந்துதான் ஜெர்மன் சரக்கைத் திருத்தின. பெயரே இல்லாத கருவிக்கு அந்த நெருக்கடி இல்லை. இன்னொரு மறுப்பு இதைவிட நியாயமானது: வருடத்துக்கு இரண்டு முறை ஒரு போல்ட்டை முறுக்குகிறவர் தச்சர் வாங்கும் விலைக்கு ஏன் வாங்க வேண்டும்? வாங்க வேண்டியதில்லை. சுத்தியல், கவ்வி, அளவு நாடா போன்றவற்றில் மலிவானது பெரும்பாலும் போதும், குறை இருந்தால் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். உளி, ரம்பம், அரம், ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் ஆகியவற்றின் கதை வேறு. இவற்றின் மதிப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத பதத்தில் இருக்கிறது. பதம் தவறிய ஸ்பேனர் வாய் விரிந்து வழுக்கும்போது நட்டின் மூலை மட்டுமா போகிறது, கைமுட்டியின் தோலும் போகிறது. தினக்கூலித் தச்சருக்கு மழுங்கிய உளி என்பது மறுபடி மறுபடி சாணைக்கல்லில் கழியும் நேரம், அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. கையில் காசு குறைந்தவரே மலிவுக் கருவியை வாங்குகிறார், அதன் முழு விலையையும் அவரே கொடுத்துத் தீர்க்கிறார். எனக்கு இந்தப் பொருளில் அக்கறை வருவதும் அதனால்தான்.

தள்ளுபடிக் கடையில் விற்கும் ஸ்பேனர்களில் இப்போது குரோம் வனேடியம் என்று பொறித்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் உளிகளில் வார்ப்பு எஃகு என்று பொறித்தது போலத்தான் இது. எந்த உலோகம் என்று சொல்கிறது, எந்தச் சூட்டில் பதமிட்டார்கள், யார் பொறுப்பு என்று சொல்வதில்லை. பழைய பட்டறைகளில் இதற்கு ஒரு சோதனை உண்டு. நல்ல அரத்தின் விளிம்பை உளிமுனைக்குப் பக்கத்தில் லேசாக இழுத்துப் பார்ப்பார்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் இரும்பு பதம் ஏறியது, கடித்துப் பொடி எடுத்தால் மென்மையானது. அரை நிமிட வேலை. அதைச் செய்ய முடியாதபடி, இன்று உளி அட்டையோடு சேர்த்து ஒட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடிக்குள், கடைச் சுவரில் தொங்குகிறது.