சரக்குக்குப் பெயர் வந்த கதை

பம்பாய் நகரின் வணிக வரலாறு என்றவுடன் பஞ்சாலை அதிபர்களும் கப்பல் முதலாளிகளுமே நம் நினைவில் எழுகின்றனர். அவர்களைப் பற்றி நூல்கள் பல உள. ஆயினும், ஒரு சிறு குப்பித் தைலத்தோடும் எண்பது ரூபாய்க் கடனோடும் இதே நகரில் தொழில் தொடங்கி, தம் சரக்கின் பெயரை நாடெங்கும் பரப்பியவர்களும் உண்டு. பெருமுதல் இல்லாத அவர்கள், வாங்குவோரை எவ்வாறு தேடிக்கொண்டனர் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. இம்மலருக்கு விளம்பரம் திரட்டச் சென்றபோது, தாராவியில் முறுக்குச் சுட்டு விற்கும் அன்பர் ஒருவர், “கால் பக்கத்திற்குப் பணம் தருகிறேன். ஆனால் இதைப் பார்த்து என்னிடம் ஓர் ஆளாவது வருவாரா, ஐயா?” என்று கேட்டார். பெரிய கம்பெனிகளின் பளபளப்பான பொட்டலங்கள் கடைகளை நிறைத்துவிட்டமையால், தொழிலையே விட்டுவிடலாமா என்னும் நிலையில் அவர் இருக்கிறார். நம்மவர் பலரும் அந்நிலையிலேயே உள்ளனர். மலர்க் குழுவினர் என்மேல் வருந்தலாகாது: அவர் தந்தது நன்கொடை, அதனை விளம்பரம் என்று நாம் அழைப்பது ஒரு மரியாதைக்காகவே.

பழங்காலத்தில் சரக்குக்குப் பெயர் தேவைப்படவில்லை. செக்கு ஆட்டியவரையும் எண்ணெய் வாங்கியவரையும் ஒரே தெரு அறியும். இந்நிலையை மாற்றியது இரயில். 1853-இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை, 1871-இல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையோடு இணைந்தது. 1877-இல் வி. பி. பி. அஞ்சலும், 1880-இல் அஞ்சல் மணியார்டரும் வந்தன. செய்பவர் ஓர் ஊரிலும் வாங்குபவர் ஆயிரம் கல்லுக்கு அப்பாலும் இருக்கலாயினர். முகம் காணாதவரை நம்புவது எங்ஙனம்? அங்கேதான் பெயரும் முத்திரையும் தேவையாயின.

மான்செஸ்டர் துணி வணிகர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நம் மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர் என்பதால், துணிக்கட்டின்மீது கண்ணன், இலக்குமி முதலிய தெய்வங்களின் வண்ணப்படங்களை ஒட்டி அனுப்பினர். அப்படத்திற்கு ‘டிக்கெட்டு’ என்று பெயர். ஆலையின் பெயரை உச்சரிக்க இயலாத மூதாட்டியும் இன்ன படம் ஒட்டிய துணி வேண்டும் என்று கேட்டு வாங்க முடிந்தது. 1889-இல் போலி முத்திரைகளைத் தடுக்கச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இரவிவர்மாவின் படங்களை அச்சிட 1894-இல் பம்பாயில் தொடங்கப்பெற்று, பின்னர் லோணாவளாவை அடுத்த மளவ்லிக்குச் சென்ற அச்சகமும் பிற்காலத்தில் லேபிள்களும் விளம்பர நாட்காட்டிகளும் அச்சிட்டது. நம் சிவகாசியின் கதையும் இதனோடு தொடர்புடையதே. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சுத்தொழில் அங்கே வேரூன்றியது இவ்வாறுதான்.

பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் எனக்கு இதன் அருமை நன்கு தெரியும். மழையில் பெயர்ச்சீட்டு அழிந்த மூட்டைக்குள் பட்டே இருந்தாலும், உரியவர் அறியப்படாவிடின் அது கிடங்கில் கிடந்து முடிவில் ஏலத்திற்குத்தான் போகும்.

பெயர் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு அமிர்தாஞ்சனத்தின் வரலாற்றைக் காண்க. கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்த காசிநாதுனி நாகேசுவர ராவ், கல்கத்தாவில் பணிபுரிந்து பின் பம்பாய்க்கு வந்து, 1893-இல் தலைவலித் தைலம் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார். அதனை அறிந்தார் எவருமிலர். அவர் செய்தது யாதெனில், இசைக் கச்சேரிகள் நிகழும் இடங்களுக்குச் சென்று தைலத்தை இலவசமாகக் கொடுத்தார். இதன் நுட்பத்தை எண்ணி நான் பன்முறை வியந்ததுண்டு. கச்சேரிக்கு வந்தவர் நெருக்கத்தில் நெடுநேரம் அமர்ந்திருப்பவர். தலைவலி அங்கேயே வரக்கூடும். ஒருவர் நெற்றியில் தடவினால் அதன் மணம் பக்கத்து வரிசைவரை செல்லும். அரங்கை விட்டுப் பல குடும்பத்தினர் பல திசைகளில் பிரிந்து செல்கையில் அப்பெயரும் அவர்களோடு செல்லும். வீடு வீடாய் ஏறி இறங்கியிருந்தால் இத்துணைப் பயன் விளைந்திருக்குமா என்பது ஐயமே.

அவர் நடத்திய ‘ஆந்திர பத்திரிகை’யின் விளம்பரத்தால்தான் தைலம் பரவியது என்று கருதுவதற்கும் இடமில்லை. பத்திரிகை பம்பாயில் வார இதழாகத் தோன்றியது 1908-இல். தைலத்திற்கு அப்போது வயது பதினைந்து. தைலம் ஈட்டிய பொருள்தான் பத்திரிகையை வளர்த்தது. 1914-இல் அவர் சென்னைக்குப் பெயர்ந்தார். மயிலாப்பூர்ப் பூங்கா ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்தது நம் பெண்மணிகள் ஊன்றிப் படிக்க வேண்டியது. 1959 மார்ச் 15 அன்று, கிர்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் அப்பளம் இடத் தொடங்கினர். முதல், சமூக ஊழியர் சகன்லால் கரம்சி பாரெக்கிடம் பெற்ற ரூ. 80 கடன். முதல் நாள் ஆனவை நான்கு பொட்டலங்கள். அவற்றைப் பூலேசுவரில் ஒரு வணிகரிடம் கொடுத்தனர். தொடக்கத்தில் உயர்ந்தது ஒன்று, மலிவானது ஒன்று என இருதரமாகச் செய்து வந்தனர். பாரெக் அதனைத் தடுத்து, ஒரே தரம் போதும், அதில் ஒருபோதும் குறைவு வரலாகாது என்று அறிவுறுத்தினார். என் கருத்தில், இவ்வரலாறு முழுவதிலும் தலையாய இடம் இதுவே. ஒரே கையிலிருந்து இருதரச் சரக்கு வந்தால், வாங்குபவர் அப்பெயரை எதனோடு சேர்த்து நினைப்பார்?

உடைந்த அப்பளங்களை அவர்கள் அண்டை வீட்டாருக்குப் பகிர்ந்தளித்தனர். வீணாகப் போவதும் அவ்வாறு சுவை காட்ட உதவிற்று. முதல் ஆண்டில் மழையால் நான்கு மாதம் தொழில் நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கி, கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினர். பழகிய சரக்கு மழைக்காலத்திலும் கிடைக்கும் என்னும் நம்பிக்கை பிறந்தது. முதல் ஆண்டு விற்பனை ரூ. 6,196. ‘லிஜ்ஜத்’ என்னும் பெயர் 1962-இல்தான், ஐந்து ரூபாய்ப் பரிசுப் போட்டி ஒன்றின் வாயிலாகக் கிடைத்தது. அவ்வெழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போப்பட் அவர்கட்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. தொலைக்காட்சியில் குழந்தைகளைச் சிரிக்க வைத்த முயல் பொம்மை விளம்பரமெல்லாம் பிற்காலத்தது.

1969-இல் ஆமதாபாத்தில் அரசு ஊழியரான கர்சன்பாய் பட்டேல், அலுவல் முடிந்தபின் சைக்கிளில் சென்று நிர்மா சலவைத்தூளை மலிவு விலைக்கு விற்று வென்ற கதை பலரும் அறிந்ததே. நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர் ஒருவரின் வெற்றி என்பதால் எனக்கும் அது உவப்பானது. ஆயினும் கைத்தொழில் செய்வார்க்கு அவ்வழியை நான் பரிந்துரையேன். இயந்திரம் பிழியும் முறுக்கோடு கைமுறுக்கு விலையில் மோதினால், குறைவது சுற்றுகிறவரின் கூலியாகவே இருக்கும்.

எனவே, செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் அரங்க வாயிலருகே நான்கு மேசைகள் இடுக. முறுக்கு, அப்பளம், வடகம், பொடி வகைகள் செய்யும் நம் குடும்பத்தினர் அங்கே நின்று, வருவோர் கையில் ஒரு துண்டு கொடுத்துச் சுவை காட்டட்டும். பொட்டலத்தில் பெயர், முகவரி, செய்த நாள், கைப்பேசி எண், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை நனைந்தாலும் அழியாத மையில் இருத்தல் வேண்டும். நாடகம் தொடங்குவதற்கு முன்னும் இடைவேளையிலும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். மேசைகளைத் தூக்கவும், சீட்டு ஒட்டவும் நானும் என் அலுவலக நண்பர் இருவரும் மாலை நான்கு மணிக்கே வந்துவிடுவோம்.