திருவிழாக் குலுக்கலும் மதுக்கடை உரிமமும்: செஞ்சி இறைமக்கள் அறிய வேண்டியவை



பங்குத் திருவிழா நெருங்கும்போது, ஆலய நிதிக்காக அதிர்ஷ்டக் குலுக்கலோ தம்போலாவோ நடத்தலாமா என்ற பேச்சு பங்குப்பேரவைகளில் எழுவது வழக்கம். ஆலயத்திற்கும் பள்ளிக்கும் அருகில் மதுக்கடை வேண்டாம் என்பதும் நம் தாய்மார்களின் நெடுநாள் வேண்டுகோள். இரண்டுக்கும் பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில், இவை இரண்டிலும் உரிமம் வழங்கும் அதிகாரம் செஞ்சிப் பேரூராட்சிக்கு இல்லை. யாருக்கு எந்த அதிகாரம் உள்ளது என்பதை அறிந்துகொண்டால், நம் பொறுப்பும் எது என்பது தெளிவாகும்.

பரிசுக் குலுக்கல்

இங்கிலாந்தில் ஒரு பங்கு சிறிய அளவில் குலுக்கல் நடத்த விரும்பினால், 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி உள்ளூர் மன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். நம் ஊரில் அப்படியோர் ஏற்பாடு கிடையாது. நம் அரசியலமைப்பு, சூதாட்டத்தையும் மதுவையும் மாநிலப் பட்டியலில் வைத்துள்ளது.

தமிழக அரசே 1968-இல் பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஏழைகளின் கூலிப்பணம் அதில் கரைவதைக் கண்டபின், 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிச் சீட்டுகளின் விற்பனையும் தமிழகத்தில் தடை செய்யப்பட்டது. கேரளத்தில் அரசு லாட்டரி சட்டப்படி நடந்தாலும், அச்சீட்டை இங்கே விற்பது குற்றமே. அரசின் அனுமதியற்ற குலுக்கலுக்கு இடம் வைத்து நடத்துவோருக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

"ஆலயக் காரியம்தானே" என்ற எண்ணத்திற்குச் சட்டத்தில் இடமில்லை. மக்கள் பணம் கொடுத்துச் சேர வேண்டும், பரிசு இருக்க வேண்டும், வெற்றியைத் தற்செயல் தீர்மானிக்க வேண்டும்: இம்மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரிதான். உணவுக்கடையில் பொருள் வாங்கியவர்களுக்குக் கூப்பன் கொடுத்துக் குலுக்குவதும் 1979-ஆம் ஆண்டுப் பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டத்திற்குள் வந்துவிடும். தேர்பவனிக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையம் தரும் அனுமதி, குலுக்கலுக்கான அனுமதி ஆகாது.

எனவே கட்டணம் எதுவுமின்றி நடத்தப்படும் விளையாட்டுகள், விவிலிய வினாடி வினா, பாட்டுப் போட்டி, காணிக்கைப் பொருள்களின் ஏலம் ஆகியவையே நமக்குப் பாதுகாப்பான வழிகள்.

மது உரிமம்

1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பர் இறுதியிலிருந்து சில்லறை விற்பனையையும் ஏற்றது. ஆகவே இன்று மதுக்கடை நடத்துவது மாநில அரசின் நிறுவனமே. கடை அமையும் இடத்தைப் பற்றிய நம் முறையீடு செல்ல வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

2003-ஆம் ஆண்டு விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத்தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை அமையக்கூடாது. பிற பகுதிகளில் இத்தூரம் 100 மீட்டர். செஞ்சி பேரூராட்சி என்பதால் 100 மீட்டர் விதியே நமக்குரியது. ஆனால் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என வகுக்கப்பட்ட இடங்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆகவே மனு எழுதுமுன் தூரத்தை அளப்பதோடு, அந்த இடம் எவ்வகையில் வகுக்கப்பட்டுள்ளது என்பதையும் கேட்டறிய வேண்டும். சுற்றுவட்டார ஊராட்சிகளில் வாழ்வோர் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். அது தானாகக் கடையை மூடிவிடாது. ஆயினும் ஆட்சியர் முன்னும் நீதிமன்றத்திலும் மக்களின் விருப்பத்தைக் காட்டும் ஆவணமாக அது நிற்கும்.

விருந்துகளில் மது பரிமாறவும் உரிமம் தேவை. 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களிலும் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்ற அறிவிப்பு வெளியானது. எதிர்ப்பு வலுத்ததால் திருமண மண்டபங்கள் அதிலிருந்து நீக்கப்பட்டன. மக்கள் ஒன்றாகக் குரல் கொடுத்தால் விதியும் மாறும் என்பதற்கு இது அண்மைச் சான்று.

நம் வாசலில் நிகழ்ந்தவை

2019 டிசம்பரில் விழுப்புரத்தில், மூன்று எண் லாட்டரியில் பணமிழந்து கடனில் மூழ்கிய ஒரு தொழிலாளியின் குடும்பத்தில், சிறு பிள்ளைகள் உட்பட ஐவர் மாண்டனர். லாட்டரி தடை செய்யப்பட்டு அப்போது ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2023 மே மாதத்தில் நம் மாவட்டத்தின் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சட்டம் இருந்தும் இவை நடந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பயணிகள் பெருகினால் கடைகளும் விடுதிகளும் பெருகும். அவற்றோடு மதுக்கூடங்களும் வரக்கூடும். விழிப்பாயிருக்க வேண்டிய காலம் இது.

திருச்சபையின் பார்வை

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2413), தற்செயல் விளையாட்டுகளைத் தம்மிலேயே தீமை என்று கூறுவதில்லை. ஒருவருடைய தேவைக்கும் அவரைச் சார்ந்தோரின் தேவைக்கும் உரியதை அவை பறிக்கும்போது, அவற்றை ஏற்க முடியாது என்கிறது. கானா ஊர்த் திருமணத்தில் இரசம் தந்த ஆண்டவர், மது அருந்துவதையே பாவம் என்று சொல்லவில்லை. ஆனால் அளவு கடந்த குடியை அதே மறைக்கல்வி (எண் 2290) கண்டிக்கிறது. திருத்தூதர்கள் மத்தியாவைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்கள். சிலுவையடியில் படைவீரர்களும் ஆண்டவரின் அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள். முன்னவர்கள் சீட்டுப் போடுமுன் இறைவேண்டல் செய்தார்கள். பின்னவர்கள் துன்புறுகிறவரின் உடைமையைப் பங்கிட்டார்கள். ஏழைக் குடும்பத்தின் ஒருநாள் கூலி நம் நிதித் திட்டத்தில் விழுகிறதென்றால், நாம் எந்தச் சீட்டைப் போடுகிறோம்?

குடியரசு நாள், காந்தி பிறந்த நாள் முதலிய சில நாள்களில் தமிழக அரசு மதுக்கடைகளை மூடுகிறது. பெரிய வெள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக மனு கொடுப்போம். அதே வேளையில், அரசு மூடாத கடையின் முன் நின்று திரும்பி வருவது நம் கையில்தான் உள்ளது. வரும் திருவிழாவில் பங்கு மக்களின் பணம் சீட்டிலும் புட்டியிலும் கரையாமல், வீட்டு அடுப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போய்ச் சேரட்டும். அதுவே நம் பாதுகாவலருக்கு நாம் எடுக்கும் மெய்யான விழா.

சிந்திப்போம், செயல்படுவோம்.