நகல் இருந்தும் மீளாத தரவு

வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் கணினித் தரவுகளை அன்றாடம் நகலெடுத்து வைக்கின்றன. 1951-இல் யூனிவாக் கணினியோடு வந்த காந்த நாடாதான் நெடுங்காலம் அந்நகல்களின் இருப்பிடம். நாடாவைத் தேடியெடுத்துப் பொருத்தி, உரிய இடம் வரை சுழற்றுவதற்குள் நேரம் கழிந்துவிடும். 1990-களின் பிற்பகுதியில் ஐபிஎம் முதலிய நிறுவனங்கள் இதற்கு மாற்று கண்டன. வன்தட்டுகளின் தொகுப்பு ஒன்று தன்னை நாடா நூலகமாகக் காட்டிக்கொள்ளும். பழைய மென்பொருளுக்கு வேறுபாடு தெரியாது. இதுவே மெய்நிகர் நாடா நூலகம்.

இதன் கோளாறுகள் பலவும் இந்தப் பாவனையிலிருந்தே பிறக்கின்றன. "இடமில்லை' என்னும் எச்சரிக்கையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாடா காலாவதியாகிவிட்டதாக மென்பொருள் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. அந்தச் செய்தி வன்தட்டை எட்டுவதில்லை. உண்மையான நாடாவில் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும்வரை பழையது அழியாதல்லவா? மெய்நிகர் நாடாவும் அப்படியே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கணக்கில் தள்ளுபடி செய்த சரக்கு கிடங்கைவிட்டு நகராததைப் போல. காலாவதியான நாடாக்களின் முகப்புப் பதிவை மீண்டும் எழுதச்செய்து இடத்தை மீட்காமல், புதிய வன்தட்டுகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவது வீண்செலவு.

திரும்பத் திரும்ப வரும் தரவை ஒருமுறை மட்டுமே சேமிக்கும் வசதியும் இக்கருவிகளில் உண்டு. தரவு வந்துசேரும் முன்பே மறையாக்கம் செய்யப்பட்டுவிட்டால், இந்த வசதி பெரிதும் பயனற்றுப்போகும். கிடங்கு திடீரென வேகமாக நிரம்பினால், அண்மையில் யாரேனும் மறையாக்கத்தை இயக்கினார்களா என்று விசாரிக்க வேண்டும்.

வழங்கியை நிறுத்தி இயக்கியபின் நாடா இயக்கிகளின் வரிசை எண்கள் மாறிவிடுவதும் உண்டு. மூன்றாவது இயக்கியில் மென்பொருள் தேடும் நாடா ஐந்தாவதில் இருக்கும். இரு பக்கத்துத் தொடரெண்களையும் ஒப்பிட்டாலே குழப்பம் தீரும்.

இவை கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள். தெரியாதவையே ஆபத்தானவை. 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. அங்கு இருந்தது நாடா அல்ல, வேறு வகை நகலெடுப்பு. மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் அன்றாட நகல் உருவாகவே இல்லை. தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரிய கையொப்பமின்றி நிராகரிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் பொறியாளர் ஒருவர் வேறொரு தேவைக்காக எடுத்த நகலே கைகொடுத்தது. எனவே நிர்வாகம் கேட்க வேண்டியது, நேற்று நகலெடுத்தீர்களா என்பதை அன்று. கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையே.

மெய்நிகர் நாடாவுக்கு உண்மை நாடாவின் தனிமையும் இல்லை. வலையமைப்பில் எப்போதும் இணைந்திருப்பதால் பிணைத்தொகை கேட்கும் தீநிரல்கள் அதையும் எட்டக்கூடும். 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழை ஒன்றால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதத்தினரின் அஞ்சல்கள் மறைந்தன. வெவ்வேறு தரவு மையங்களில் இருந்த நகல்களும் உடன் பாதிக்கப்பட்டன. கூகுள் அவற்றை மீட்டது, இணைப்பின்றித் தனியே வைத்திருந்த காந்த நாடாக்களிலிருந்து.