ஒரே மெழுகுக்கு இரண்டு வேலை

வாயு குரோமட்டோகிராஃபி நடக்கும் ஆய்வகங்கள் பலவற்றில் இரண்டு வகை ஆல்கேன் குப்பிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் சி-7 முதல் சி-40 வரை, கார்பன் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடும் நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள் எல்லாம் கலந்த கரைசல். மற்றதில் ஒரே ஒரு ஆல்கேன், சி-32, சி-34, சி-36 இவற்றில் ஏதோ ஒன்று, வெள்ளை மெழுகுச் செதில்களாக. விலைப்பட்டியலில் இரண்டுக்கும் ‘ஸ்டாண்டர்ட்’ என்றே பெயர். ஆனால் வேலையைப் பார்த்தால் ஒன்று முழக்கோல், மற்றது எடைக்கல். கடைத்தெருவில் முழக்கோலைத் தராசுத் தட்டில் வைப்பார் இல்லை. ஆய்வகத்தில் ஏறக்குறைய அது நடக்கிறது.

இரண்டு வேலைக்கும் ஆல்கேனையே பிடித்ததற்குக் காரணம் பொதுவானது. கார்பனும் ஹைட்ரஜனும் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. கண்ணாடிச் சுவரில் ஒட்டாது, மற்றப் பொருள்களோடு எளிதில் வினைபுரியாது, ஒழுங்காக மூடி வைத்தால் நீண்ட காலம் கெடாது. ஒரு கார்பன் கூடினால் கொதிநிலை ஒரு படி ஏறும். குழலிலிருந்து வெளிவரும் நேரமும் அதே ஒழுங்கில் ஏறும். சுடர் அயனியாக்க உணர்கருவியோ ஒரு மில்லிகிராம் சி-30-க்கும் ஒரு மில்லிகிராம் சி-34-க்கும் ஏறத்தாழ ஒரே அளவு சைகை தரும். நேரத்தில் உள்ள ஒழுங்கை முழக்கோல் பயன்படுத்திக்கொள்கிறது, சைகையில் உள்ள ஒழுங்கை எடைக்கல் பயன்படுத்திக்கொள்கிறது. இங்கிருந்தே பாதை பிரிகிறது.

முழக்கோலை முதலில் பார்ப்போம். ஒரு பொருள் எத்தனையாவது நிமிடத்தில் வெளிவருகிறது என்பது அந்தப் பொருளை மட்டும் பொறுத்ததல்ல. குழலின் நீளம், உட்படலத்தின் தடிமன், வாயுவின் வேகம், அடுப்பு சூடேறும் வீதம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ‘22.34 நிமிடம்’ என்று ஓர் ஆய்வகம் குறித்து வைத்தால் அடுத்த ஊர் ஆய்வகத்துக்கு அதனால் பயனில்லை. 1958-இல் எர்வின் கோவாட்ஸ் இதற்கு ஒரு வழி சொன்னார். நிமிடத்தை விட்டுவிட்டு, அந்தப் பொருள் எந்த இரண்டு ஆல்கேன்களுக்கு நடுவே வருகிறது என்று சொல்லுங்கள் என்றார். சி-14-க்கு 1400, சி-15-க்கு 1500. இடையில் வருவதற்கு இடையில் ஓர் எண். அடுப்பு ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது ஆல்கேன்களின் நேரங்கள் பெருக்குத்தொடர் போல விரியும் என்பதால் அவருடைய கணக்கில் மடக்கை இருந்தது. அடுப்பைச் சீராகச் சூடேற்றினால் ஆல்கேன்கள் ஏறத்தாழ சம இடைவெளியில் வரும். ஆகவே 1963-இல் வான் டென் டூலும் கிராட்ஸும் மடக்கையை நீக்கி நேர்விகிதமாக்கினார்கள். இன்று பெரும்பாலோர் போடுவது இந்த இரண்டாவது கணக்கு. கட்டுரையில் எழுதும்போது மட்டும் பலர் ‘கோவாட்ஸ் எண்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

கணக்கு எளிது. சி-14 22.0 நிமிடத்திலும் சி-15 24.0 நிமிடத்திலும் வந்து, முகம் தெரியாத பொருள் 22.34-இல் வந்தால் அதன் எண் 1417. மிளகு எண்ணெயை ஆராய்பவர் இந்த எண்ணைக் கண்டதும் பீட்டா-கேரியோஃபிலீன் என்று சொல்லிவிடுவார். நிறை நிறமாலை மட்டும் இருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. 204 நிறையுள்ள செஸ்குவிடெர்பீன்கள் ஏராளம்; உடைந்து விழும் துண்டுகளும் பெரிதும் ஒத்திருக்கும். பூச்சிகளின் மேல்தோல் மெழுகை ஆராய்பவர்களுக்கு இந்த முழக்கோல் இன்னும் இன்றியமையாதது. 27 கார்பன் சங்கிலியின் நடுப்பகுதியில் ஒரு மெத்தில் கிளை இருந்தால் எண் 2730-ஐ ஒட்டி வரும். அதே கிளை மூன்றாவது கார்பனில் இருந்தால் 2770-ஐத் தாண்டிவிடும். கிளை எங்கே முளைத்திருக்கிறது என்பதை நேரமே காட்டிக்கொடுக்கிறது.

ஒரு குறை உண்டு. முழக்கோல் முனைவற்ற பொருளால் ஆனது. குழல் முனைவுள்ளதாக மாறினால் ஆல்கேன்கள் அதில் பிடிப்பின்றி விரைந்து போய்விடும், ஆக்சிஜன் தாங்கிய பொருள்கள் பின்தங்கும். லினலூலுக்கு முனைவற்ற குழலில் 1100-ஐ ஒட்டிய எண். பாலிஎத்திலீன் கிளைக்கால் குழலில் 1550-ஐ ஒட்டிய எண். எந்தக் குழல் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சிடும் அட்டவணையை நான் நம்புவதில்லை.

எடைக்கல்லின் கதை ஆட்டுப்பட்டியில் நடக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் திரியும் ஓர் ஆடு ஒரு நாளில் எவ்வளவு புல் தின்கிறது? தொட்டியில் தீனி வைத்தால் நிறுத்துச் சொல்லலாம். திறந்த நிலத்தில் என்ன செய்வது? ஸ்காட்லாந்தில் மேயஸ், லேம்ப், கோல்குரோவ் மூவரும் 1986-இல் வெளியிட்ட முறை இதற்கு ஆல்கேனைப் பிடித்தது. இலைகளின் மேல்மெழுகில் உள்ள ஆல்கேன்களில் சி-29, சி-31, சி-33 போன்ற ஒற்றைப்படை எண்கள்தான் மிகுதி. தாவரம் கொழுப்பு அமிலச் சங்கிலியை இரண்டிரண்டு கார்பனாக நீட்டி, கடைசியில் ஒரு கார்பனை இழந்து ஆல்கேன் ஆக்குவதால் வரும் விளைவு இது. இரட்டைப்படை எண்கள் புல்லில் சொற்பம். எனவே அளந்த சி-32-ஐ நாள்தோறும் ஆட்டுக்கு ஊட்டினால், சாணத்தில் இருக்கும் சி-32 பெரும்பாலும் நாம் கொடுத்தது; சி-33 பெரும்பாலும் புல் கொடுத்தது. இரண்டின் விகிதத்திலிருந்து தின்ற புல்லைக் கணக்கிடலாம்.

எடுத்துக்காட்டாக, நாளுக்கு 100 மில்லிகிராம் சி-32 ஊட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த புல் ஒரு கிலோவில் சி-33 120 மில்லிகிராம், சி-32 8 மில்லிகிராம். சாணத்தில் சி-33, சி-32-ஐப் போல 1.2 மடங்கு இருக்கிறது. ஆடு தின்றது ஏறத்தாழ 1.09 கிலோ உலர்புல். திரும்பப் போட்டுப் பாருங்கள்: புல்லின் வழியே ஏறத்தாழ 130 மில்லிகிராம் சி-33, ஊட்டியதும் புல்லில் வந்ததுமாக 109 மில்லிகிராம் சி-32, விகிதம் 1.2.

இதில் உள்ள நுட்பம் பக்கத்து எண்ணைத் தேர்ந்ததில் இருக்கிறது. ஊட்டிய ஆல்கேன் முழுவதும் சாணத்தில் திரும்பி வருவதில்லை. சங்கிலி குறுகக் குறுக இழப்பு கூடும். சி-32-உம் சி-33-உம் ஏறத்தாழ ஒரே பங்கை இழப்பதால், விகிதம் எடுக்கும்போது அந்த இழப்பு அடிபட்டுப் போகிறது. சி-33-க்கு இணையாக சி-24-ஐ ஊட்டியிருந்தால் கணக்கு கோணலாகியிருக்கும்.

ஆய்வகத்துக்குள் இன்னொரு எடைக்கல் சேர்கிறது. உலர்த்தி அரைத்த சாண மாதிரியில் அளந்த சி-34-ஐ முதலிலேயே போட்டுவிடுவார்கள். பிறகு எத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் சூடாக்கி, ஹெப்டேனால் பிரித்தெடுத்து, சிலிகா ஜெல் வழியே வடித்து, கடைசியில் கருவியில் ஏற்றுவார்கள். வழியில் எவ்வளவு சிந்தினாலும் மாதிரியின் ஆல்கேனும் சி-34-உம் ஒரே விகிதத்தில் சிந்தும். ஆகவே எடைக்கல் மாதிரியோடு அதே குப்பியில், முதல் அடியிலிருந்தே இருந்தாக வேண்டும். முழக்கோலுக்கு அந்த நிபந்தனை கிடையாது. அதே நாள், அதே குழல், அதே வெப்பத் திட்டம் இருந்தால் போதும், தனி ஊசியாகச் செலுத்தலாம். சாண மாதிரிக்குள் சி-7–சி-40 கலவையை ஊற்றினால், அதிலிருக்கும் சி-32, சி-33, சி-34 மூன்றும் அளவைக் கெடுத்துவிடும்.

இரண்டையும் கெடுக்கும் கோளாறுகளும் வேறு வேறு. குழலின் முனையை அரை மீட்டர் வெட்டினால் நேரங்கள் எல்லாம் முன்னால் நகரும். பழைய முழக்கோல் செல்லாது, கலவையை மறுபடி ஓட்டியாக வேண்டும். எடைக்கல்லுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. மாறாக, முழக்கோல் கலவையில் சி-22 பாதியாகக் குறைந்திருந்தாலும் முகடு கண்ணுக்குத் தெரிந்தால் போதும். எடைக்கல்லாக எடுத்த செதில் 98 விழுக்காடு தூய்மை என்றால் அந்த இரண்டு விழுக்காட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆட்டுக்கு ஊட்டிய அளவில் ஐந்து விழுக்காடு பிழை இருந்தால் புல் கணக்கில் அதே ஐந்து விழுக்காடு அப்படியே நிற்கும்.

எனக்கு எடைக்கல்லின் மீதுதான் அதிகச் சந்தேகம். முழக்கோல் வழுவினால் தெரிந்த பொருள் ஒன்று தப்பான எண்ணில் வந்து காட்டிக்கொடுத்துவிடும். எடைக்கல் வழுவினால் வரைபடம் அழகாகவே இருக்கும், விடையும் நம்பும்படியாகவே இருக்கும். அதிலும் பெட்ரோலியக் கசிவு போன்ற மாதிரியில் ஒற்றை இரட்டை வேறுபாடின்றி எல்லா ஆல்கேனும் ஏற்கெனவே உண்டு. சி-34-ஐச் சேர்த்தால் எது கச்சா எண்ணெயினுடையது, எது நம்முடையது என்று பிரிக்கவே முடியாது. அங்கே ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் ஏற்றிய சி-24 போன்றவற்றையோ, ஆன்ட்ரோஸ்டேன் போன்ற வேறு சேர்மத்தையோ நாடுகிறார்கள்.

நீரில் கலந்த எண்ணெயை அளக்கும் ஐஎஸ்ஓ 9377-2 முறையில் இரண்டு வேலையும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. சி-10 முகட்டுக்கும் சி-40 முகட்டுக்கும் இடைப்பட்ட பரப்பே அங்கு எண்ணெய் அளவு. அந்த இரண்டும் எல்லைக்கற்கள், நேரத்துக்காக மட்டும் பார்க்கப்படுபவை. கருவியைச் சோதிக்கும்போதோ சி-40-இன் பரப்பு பார்க்கப்படுகிறது. சி-20-உடன் ஒப்பிட்டால் அது 0.8-க்குக் குறையக் கூடாது. குறைந்தால், கனமான ஆல்கேன்கள் உட்செலுத்தும் முனையில் ஆவியாகாமல் தங்குகின்றன என்று பொருள்கொண்டு கண்ணாடிக் குழாயை மாற்றுவார்கள். அதற்கு முன் குப்பியைப் பார்ப்பது நல்லது. சி-40 உருகுவது 80 டிகிரி செல்சியசுக்கு மேல். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கரைசலில் அது அடியில் படிந்து கிடக்கலாம். அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, லேசாகச் சூடாக்கிக் குலுக்கிவிட்டு இன்னொரு முறை செலுத்தினால், கோளாறு கருவியிலா குப்பியிலா என்பது தெரிந்துவிடும்.