தாய்லாந்துத் தீவுச் சுற்றுலாவும் கஞ்சாவும்: பயணிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களின் பின்னலாடைத் தொழிலில் உள்ளோர் வணிக நிமித்தமாகவும், நண்பர் குழுவாகவும், நிறுவனங்கள் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவிலும் தாய்லாந்துக்குச் சென்று வருகின்றனர். புக்கெட், கோ சமுய் ஆகிய தீவுகளில் கஞ்சா இலைப் படம் பொறித்த கடைகளைக் காணும் பயணிகள், “இங்கே இது சட்டப்படி சரிதானே, அப்படியென்றால் ஆபத்தும் இராது” என்று எண்ணிவிடுகின்றனர். இந்த எண்ணத்தின் இரு பகுதிகளும் தவறானவை. அங்குள்ள சட்டம் மாறிவிட்டது. ஒரு பொருளை விற்க ஒரு நாடு அனுமதிப்பதால், அது உடலுக்குத் தீங்கற்றதாகிவிடுவதும் இல்லை.

முக்கியச் செய்திகள்

• தாய்லாந்தில் மருந்துச் சீட்டு இன்றிக் கஞ்சாப் பூ வாங்குவது இன்று சட்டப்படி செல்லாது.
• இந்தியப் போதைப்பொருள் சட்டம், வெளிநாட்டிலுள்ள இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும்.
• கஞ்சா கலந்த மிட்டாய், கேக், பானம் ஆகியவற்றின் விளைவு தாமதமாகத் தொடங்கி நீண்ட நேரம் நீடிக்கும்.
• உடல்நலக் குறைவு ஏற்பட்டால், உட்கொண்டதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். சரியான சிகிச்சைக்கு அதுவே முதற்படி.

தாய்லாந்துச் சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஜூன் 9 அன்று தாய்லாந்து அரசு கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன் பின்னரே சுற்றுலாத் தலங்களில் ஆயிரக்கணக்கான கடைகள் தோன்றின. எனினும் அப்போதும் பொது இடத்தில் புகைத்துப் பிறருக்குத் தொல்லை தருவது, 3 மாதம் வரை சிறையும் 25,000 பாட் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாகவே இருந்தது. 20 வயதுக்குக் குறைந்தோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்கு விற்பதும் தடை செய்யப்பட்டிருந்தது. போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி. 0.2 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சாறுகளும் எண்ணெய்களும் போதைப்பொருளாகவே கருதப்பட்டன.

2025 ஜூன் இறுதியில் அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைச்சகம் விதிகளை மேலும் இறுக்கியது. கஞ்சாப் பூ மருத்துவப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது என்றும், உரிமம் பெற்ற மருத்துவ வல்லுநரின் சீட்டுடன் அதிகபட்சம் 30 நாள் பயன்பாட்டுக்குரிய அளவையே வாங்க இயலும் என்றும் அறிவித்தது. கடை திறந்திருப்பதாலோ, விற்பவர் சீட்டுக் கேட்காததாலோ வாங்குவது சட்டப்படியானதாகிவிடாது. இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. ஆதலால் சுற்றுலா முகவர், சமூக ஊடகக் காணொளி ஆகியவற்றை நம்பாமல், பயணத்துக்கு முன் தாய்லாந்துத் தூதரக அறிவிப்புகளைப் பாருங்கள்.

இந்தியச் சட்டம் உங்களைப் பின்தொடர்கிறது

போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985, வெளிநாட்டிலுள்ள இந்தியக் குடிமக்களுக்கும், இந்தியாவில் பதிவான விமானங்கள் மற்றும் கப்பல்களில் உள்ளோருக்கும் பொருந்தும் என்று அதன் முதற்பிரிவே கூறுகிறது. நடைமுறையில் பயணிகள் பெரிதும் சிக்குவது நாடு திரும்பும் விமான நிலையத்தில்தான். பாங்காக்கிலிருந்து கடத்தி வரப்படும், ‘ஹைட்ரோபோனிக்’ எனப்படும் மண்ணின்றி வளர்த்த உயர்வகைக் கஞ்சாவைச் சென்னை, கோவை விமான நிலையங்களில் சுங்கத் துறையினர் தொடர்ந்து பறிமுதல் செய்து வருகின்றனர்.

கஞ்சாவுக்குச் சட்டம் விதிக்கும் தண்டனைகள்:

• பயன்படுத்துதல்: 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.
• 1 கிலோ வரை வைத்திருத்தல், கொண்டு வருதல்: 1 ஆண்டு வரை கடுங்காவல் சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.
• 1 கிலோவுக்கு மேல், வணிக அளவுக்குக் கீழ்: 10 ஆண்டு வரை கடுங்காவல் சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும்.
• வணிக அளவு (20 கிலோவுக்கு மேல்): 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல் சிறையும், ரூ.1 லட்சத்துக்குக் குறையாத அபராதமும். பிணை கிடைப்பதும் மிகக் கடினம்.

கஞ்சாப் பிசினுக்கும் அதன் செறிந்த எண்ணெய்க்கும் அளவுகள் இதைவிடக் குறைவு: 100 கிராம் வரை சிறிய அளவு, 1 கிலோவே வணிக அளவு. மேலும், போதைப்பொருள் பிற பொருளுடன் கலந்திருந்தால் கலவையின் மொத்த எடையே கணக்கில் கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்துள்ளது. “மிட்டாய்தானே” என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது எத்தகைய இடர் என்பதை இதிலிருந்து அறியலாம். வெளிநாட்டு மருந்துச் சீட்டு கையில் இருப்பதால் மட்டும் கஞ்சாவை இந்தியாவுக்குள் கொண்டு வர அனுமதி கிடைத்துவிடாது.

“பயணச் சீட்டு இலவசம், ஒரு பையை மட்டும் ஊரில் ஒப்படைத்தால் போதும்” என்று யாரேனும் கூறினால் உடனே மறுத்துவிடுங்கள். பிறர் கட்டிய பெட்டியையோ, உறவினருக்கென்று தரும் பொட்டலத்தையோ ஏற்காதீர்கள்.

சிங்கப்பூர் வழியாகத் திரும்புவோர் கவனத்துக்கு

சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்துவது மரண தண்டனைக்குரிய குற்றமாகும். அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தர வாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும், சிங்கப்பூரில் உட்கொண்டதாகவே கருதி வழக்குத் தொடரலாம். சிங்கப்பூர் உறவினருடன் சேர்ந்து தாய்லாந்து செல்லும் குடும்பங்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

உடலில் என்ன நிகழ்கிறது?

புகைத்தால் சில நிமிடங்களிலேயே டி.எச்.சி. மூளையை அடைகிறது. நேர உணர்வு மாறுதல், இதயத் துடிப்பு உயர்தல், வாய் உலர்தல், கண் சிவத்தல், நினைவும் கவனமும் குறைதல் ஆகியவை ஏற்படும். சிலருக்கு மகிழ்வுக்குப் பதிலாகக் கடும் பதற்றமும், பிறர் தம்மைத் தாக்கப் போவதாக அச்சமும் உண்டாகும்.

உண்ணும் வகைகளில் விளைவு தொடங்க 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை ஆகலாம். “ஒன்றும் தெரியவில்லையே” என்று மேலும் ஒன்றை உண்பவர்களே பெரும்பாலும் அவசரப் பிரிவுக்கு வருகின்றனர். அதன் விளைவு 8 மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கக் கூடும். கேக், மிட்டாய், தேநீர் ஆகியவற்றில் இலைச் சின்னம் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். குழந்தைகள் அறியாமல் உண்டால் மூச்சுத் திணறலும் மயக்கமும் ஏற்படலாம்.

“சிவமூலிகைதானே, சித்த மருத்துவத்திலும் உண்டே” என்று கூறுவோர் உளர். சித்த மருத்துவம் கஞ்சாவைச் சுத்தி செய்து, அளவறிந்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்துகிறது. மருந்து விதிகளின் இ-1 அட்டவணையும் அதனை நச்சுத்தன்மையுள்ள பொருட்களின் வரிசையில்தான் வைத்துள்ளது. மேலும், இன்று கடைகளில் விற்கப்படும் உயர்வகைப் பூவில் டி.எச்.சி. அளவு பழைய நாட்டுக் கஞ்சாவைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருக்கக் கூடும்.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியவர்கள்

• 25 வயதுக்குட்பட்டோர்: மூளை வளர்ச்சி இன்னும் முழுமை பெறாத பருவம் இது.
• மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு உள்ளோர், அல்லது குடும்பத்தில் அவை உள்ளோர்.
• இதய நோய், சீரற்ற இதயத் துடிப்பு, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளோர்.
• கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும்: குழந்தையின் எடை குறையும் வாய்ப்பு உண்டு.
• வார்ஃபரின், தூக்க மாத்திரை, வலிப்பு நோய் மருந்து, மனநல மருந்து உட்கொள்வோர்.

ஏற்கெனவே உட்கொண்டுவிட்டால்

உட்கொள்ளாதீர்கள் என்பதே எமது அறிவுரை. ஆயினும் அறிந்தோ அறியாமலோ உட்கொண்டுவிட்டால், தீங்கைக் குறைக்கப் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்:

• மேலும் உட்கொள்ளாதீர்கள். மதுவுடன் சேர்க்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மயக்கம் பன்மடங்காகும்.
• கடலிலோ நீச்சல் குளத்திலோ இறங்காதீர்கள். வாடகை ஸ்கூட்டரை ஓட்டாதீர்கள். போதையில் நேரும் விபத்துக்குப் பயணக் காப்பீடு பெரும்பாலும் இழப்பீடு தருவதில்லை.
• நம்பிக்கையானவருடன் அமைதியான இடத்தில் இருங்கள். சிறிது சிறிதாக நீர் பருகுங்கள்.
• மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியே விடாதீர்கள். கட்டாயப்படுத்தி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

நெஞ்சு வலி, வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பியும் எழாமை, தம்மையோ பிறரையோ தாக்க முற்படுதல், குழந்தை உண்டிருத்தல் ஆகிய நிலைகளில் காத்திராமல் மருத்துவ உதவி நாடுங்கள். தாய்லாந்தில் அவசர மருத்துவ உதவிக்கு 1669, சுற்றுலாக் காவலுக்கு 1155, தமிழ்நாட்டில் 108.

ஊர் திரும்பிய பின்

கட்டிங் இயந்திரம், ஓவர்லாக், காம்பாக்டிங், சாயப் பட்டறைக் கொதிகலன் ஆகியவற்றில் பணிபுரிவோருக்கு ஒரு நொடிக் கவனக் குறைவே விரலையோ கையையோ இழக்கப் போதுமானது. உட்கொண்டபின் குறைந்தது 24 மணி நேரமும், மந்தம் முற்றிலும் நீங்கும் வரையிலும் இயந்திரத்தில் நிற்காதீர்கள், வாகனமும் ஓட்டாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தினாலும் சிறுநீர்ப் பரிசோதனையில் சில நாட்களுக்குத் தடயம் தெரியலாம். தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு அது ஒரு மாதம் வரையிலும் நீடிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சுற்றுலாவில் தொடங்கிய பழக்கத்தை ஊரிலும் தொடரும் இளைஞர் ஒருவர், சில காலம் கழித்துக் கடும் வயிற்று வலியாலும் அடங்காத வாந்தியாலும் துன்புறுகிறார். இரைப்பைப் புண் என்று மாத்திரை தரப்படுகிறது. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எடுத்தும் காரணம் புலப்படவில்லை. சுடுநீரில் குளித்தால் மட்டும் சற்றுத் தணிகிறது. இது நீண்ட நாள் கஞ்சாப் பயன்பாட்டால் வரும் வாந்தி நோயின் அடையாளம். பெற்றோர் அருகில் இருப்பதால் அவர் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காதவரை நீரிழப்பால் சிறுநீரகம் பாதிக்கப்படும் நிலையும் நெருங்குகிறது. பழக்கத்தை நிறுத்துவதே இதற்கு உறுதியான சிகிச்சை.

ஆகவே மருத்துவரிடம் தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை உறுதி செய்கிறது.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

பயன்படுத்துவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றனர். இளவயதில் தொடங்குவோரிடம் இவ்விகிதம் மேலும் கூடும். வேலைக்குச் செல்லாமை, பணத்தேவை பெருகுதல், நட்பு வட்டம் மாறுதல், காரணமற்ற சந்தேகம், தனியே பேசிச் சிரித்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள். காதில் குரல் கேட்பதாகக் கூறினால் அதே நாளில் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். “காற்றுக் கருப்பு” என்று நாட்களைக் கடத்துவது நோயை முற்றச் செய்யும்.

நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை தோன்றும். முதல் வாரத்தில் அவை உச்சம் அடைந்து, இரண்டு மூன்று வாரங்களில் தணியும். இந்நாட்களில் அடிப்பதும் அறையில் பூட்டுவதும் கூடாது. உணவு, உறக்கம், உடனிருப்பு ஆகியவையே அப்போது தேவை.

சிகிச்சைக்கு வந்தால் காவல்துறையில் சிக்குவோமா?

பலர் மருத்துவமனையைத் தவிர்ப்பது இந்த அச்சத்தால்தான். சட்டம் கூறுவது வேறு. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்தாலும், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், பிரிவு 64-அ அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். கடத்தல், விற்பனை ஆகிய குற்றங்களுக்கு இவ்விலக்கு இல்லை.

உதவி பெறும் இடங்கள்

• திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மனநலப் பிரிவு
• தேசிய போதை மீட்பு உதவி எண்: 14446
• டெலி மானஸ் மனநல ஆலோசனை: 14416
• தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண்: 104
• அவசர ஊர்தி: 108

இந்தப் பக்கத்திலுள்ள தகவல் பொதுவான விழிப்புணர்வுக்கானது. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கோ வழக்கறிஞரின் அறிவுரைக்கோ மாற்றாகாது.