உறுதிகளுக்குள் உறங்கும் ஊர் வரலாறு

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுத முனைந்தோர் பெரும்பாலும் அறபுப் பயணிகளின் குறிப்புகளையும், கல்வெட்டுகளையும், போர்த்துக்கேய, ஒல்லாந்த ஆட்சியாளர் விட்டுச்சென்ற அறிக்கைகளையுமே ஆதாரங்களாகக் கொண்டனர். இவை துறைமுகங்களையும் வணிகர்களையும் பற்றி நிறையவே பேசுகின்றன. ஆனால் ஒரு கிராமத்தில் யார் குடியிருந்தார்கள், எந்த வயலை யார் செய்தார்கள், பள்ளிவாசல் வளவு யாருடைய கொடையால் வந்தது என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடையில்லை. அவ்விடைகள் காணிப் பதிவகங்களின் பேரேடுகளிலும் நமது வீட்டுப் பெட்டகங்களிலுள்ள பழைய உறுதிகளிலும் கிடக்கின்றன. காணித் தகராறு வரும்போது மட்டும் வெளியே எடுக்கப்படும் இக்காகிதங்களை வரலாற்று மூலங்களாகவும் வாசிக்கப் பழக வேண்டிய தேவை நமக்குண்டு.

தோம்பிலிருந்து பதிவகம் வரை

காணியை எழுதி வைக்கும் வழக்கம் ஆங்கிலேயரோடு தொடங்கியதல்ல. ‘தோம்பு’ என்ற சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளில் இதனை விரிவாகச் செய்தனர். குடும்பங்களையும் அவை செய்ய வேண்டிய ஊழியங்களையும் ஒரு தோம்பு பதிந்தது. காணிகளையும் அவற்றில் நின்ற தென்னை, பலா, கமுகு முதலிய மரங்களையும் இன்னொரு தோம்பு பதிந்தது. இன்று அவை கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பேணப்படுகின்றன. குடிமக்களின் உரிமையைக் காப்பதற்காக அவை எழுதப்படவில்லை. வரியையும் ஊழியத்தையும் தவறாது பெறுவதே நோக்கம். ஆட்சியாளன் தன் தேவைக்காக எழுதிய ஏடு, பிற்காலத்தில் குடிமகனின் சாட்சியாக மாறியது.

கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் வீடோ நிலமோ சொந்தமாக வைத்திருக்கலாகாது என்ற தடையும் ஒல்லாந்தர் காலத்தில் வந்ததே. ஆங்கிலேயர் காலத்தில், 1832இல்தான் அது நீங்கியது. எனவே அப்பகுதிகளின் பழைய உறுதிகளில் முஸ்லிம் பெயர்களைக் காணாத ஆய்வாளர், அங்கே முஸ்லிம்கள் வாழவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆவணத்தில் இல்லாமை என்பது இடத்தில் இல்லாமை ஆகாது. காணி ஆவணங்களைத் தேடுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.

நாம் இன்று அறிந்துள்ள உறுதிமுறை 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு, எழுத்தில் அமைய வேண்டுமென 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்தது. 1863இல் காணிப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. இன்றைய பதிவுமுறைக்கு அடிப்படையாக இருப்பது 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டமாகும்.

பேரேட்டை வாசிக்கும் முறை

காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு. காணியின் பெயர், ஊர், நான்கு எல்லைகள், விஸ்தீரணம் ஆகியன மேலே இருக்கும். கீழே அக்காணி தொடர்பான உறுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதியப்படும். விற்பனை, ஈடு, நன்கொடை, குத்தகை, பாகப்பிரிவினை வழக்கு எல்லாம் அதில் இடம்பெறும். பக்கம் நிரம்பியதும் வேறொரு பக்கத்துக்கு, சிலவேளை வேறொரு தொகுதிக்குப் பதிவு தொடரும். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்ற குறிப்பும் அங்கிருக்கும். உரித்துத் தேடும் சட்டத்தரணி இக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு வழக்கமாக முப்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போவார். வரலாறு தேடுபவருக்கு அந்த எல்லையில்லை. ஏடு உள்ளவரை அவர் போகலாம்.

அப்படிப் போகும்போது ஊர் மெல்ல மெல்ல எழுந்து நிற்கும். காணிப் பெயரில் ஒரு புளியமரமோ, தூர்ந்துபோன ஒரு குளமோ இன்னும் இருக்கும். வயலின் பரப்பு ஏக்கரில் வருமுன்னர், இத்தனை அவண விதைப்பு என்று விதைநெல்லால் அளக்கப்பட்டிருக்கும். வடக்கெல்லையில் தமிழரின் வளவு, கிழக்கெல்லையில் முஸ்லிமின் தோட்டம், மேற்கே கோயிற்காணி, தெற்கே வாய்க்கால் என்று எழுதப்பட்ட ஓர் உறுதி, அயலவர் எப்படி அடுத்தடுத்து வாழ்ந்தார்கள் என்பதற்கு எந்த மேடைப் பேச்சையும்விட உறுதியான சான்றாகும்.

ஆயினும் எச்சரிக்கை தேவை. நமது நாட்டின் பதிவுமுறை நீண்டகாலமாக உறுதியைப் பதிந்ததேயன்றி உரித்தைப் பதியவில்லை. விற்பவருக்கு உண்மையில் அக்காணி சொந்தமா என்று பதிவாளர் ஆராய்வதில்லை. ஒரே காணியை இருவருக்கு விற்ற உறுதிகளும் பேரேட்டில் ஏறலாம். பதிவு முன்னுரிமையைத் தருமே தவிர, உண்மைக்கு உத்தரவாதம் தராது. பெயர்களும் இடர் தரும். ஒரே மனிதர் ஓர் உறுதியில் லெப்பை, இன்னொன்றில் லெவ்வை. மரைக்கார் மரிக்காராவதும் உண்டு. தமிழில் கையொப்பமிட்டவரின் பெயர் ஆங்கில எழுத்தில் ஏறி, மீண்டும் தமிழுக்கு வரும்போது வேற்றாளாகிவிடுகிறது.

பங்கும் சீதனமும்

முஸ்லிம்களின் உறுதிகளில் பின்னங்கள் மலிந்திருக்கும். மனைவியையும் இரு ஆண்மக்களையும் ஒரு பெண்பிள்ளையையும் விட்டு ஒருவர் மௌத்தானால், மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் இருபதில் ஏழு, மகளுக்கு நாற்பதில் ஏழு. இரண்டு தலைமுறை கடந்தால் ஒரு தென்னந்தோட்டத்தின் பங்குகள் நூற்றுக்கணக்கில் உடையும். இப்பின்னங்களைப் பின்தொடர்ந்தால் மறந்துபோன ஒரு குடும்ப மரம் முழுவதையும் வரைந்துவிடலாம். நன்கொடை உறுதிகளும் இவ்வாறே. மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே சொல்லப்பட்டாலன்றி முஸ்லிம் ஒருவரின் நன்கொடை அத்தகையதாகக் கொள்ளப்படாது என 1931ஆம் ஆண்டின் முஸ்லிம்களின் வழியுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. அவ்வொரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு தந்தையின் மனம் தெரியும்.

கிழக்கிலங்கை உறுதிகள் இன்னொரு செய்தி சொல்கின்றன. அங்கே வீடும் வளவும், சிலவேளை வயலும், மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டு, மணமகன் மனைவியின் வீட்டுக்குச் செல்வது மரபு. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியுள்ளார். பள்ளிவாசல் நிர்வாகக் குறிப்புகளிலோ ஊர்ப் பிரமுகர்களின் பட்டியல்களிலோ பெயரே வராத நமது பெண்கள், காணிப் பேரேட்டில் உரிமையாளர்களாக வரிசையில் நிற்கிறார்கள். பெண்களின் வரலாற்றை எழுத விரும்புவோர் முதலில் திறக்க வேண்டிய ஏடு இதுவென்று துணிந்து கூறலாம்.

உறுதி இல்லாதவர்களும் உறுதியை இழந்தவர்களும்

எல்லோரிடமும் உறுதி இருந்ததில்லை. காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதே என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அனுமானித்தது. சேனை செய்து, சில ஆண்டுகள் நிலத்தை ஆறவிட்டு, மீண்டும் திரும்பும் விவசாயி காகிதம் காட்ட முடியாதவனானான். பிற்காலத்தில் அரசகாணிக்குப் பெர்மிட் பெற்றவர்களின் கதை உறுதிகளில் இல்லை. அதனைப் பிரதேச செயலகக் கோப்புகளிலேயே தேட வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். உறுதிப் பெட்டியைத் தேடி எடுக்கவும் பலருக்கு நேரமிருக்கவில்லை. ஆனால் நமது சட்டம் ஓர் உறுதியை ஒரு பிரதியோடு விட்டுவிடுவதில்லை. ஒன்று உரியவரிடம், ஒன்று நொத்தாரிசிடம், இன்னொன்று காணிப் பதிவகத்தில். வீட்டிலிருந்தது அழிந்தாலும், பதிவகப் பேரேடு தப்பியிருந்தால் உரித்தின் சுவடு தப்பியது. புத்தளத்து அகதி முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாம் காணாத ஊரோடு இருந்த கடைசித் தொடுப்பு பலவேளை இந்தப் பிரதிதான்.

காகிதம் மட்டும் போதவில்லை. பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவருக்கு உரித்துத் தரும் 1871ஆம் ஆண்டின் சட்டம், துரத்தப்பட்டவரையும் தானாக விட்டுச் சென்றவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் போரால் தமது உரிமையைக் கோர முடியாதிருந்தோருக்கு நிவாரணம் தரும் விசேட சட்டம் 2016இலேயே வந்தது. இதற்கிடையில் முசலிப் பகுதியில், மக்கள் இல்லாத காலத்தில் வளர்ந்த காடுகள் 2012இலும் 2017இலும் வர்த்தமானி மூலம் ஒதுக்கங்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. மீளக் குடியேறியவர்கள் காடழிப்போர் என்று பழி சுமந்தார்கள். பழைய உறுதிகளும் பெர்மிட்டுகளும் அங்கே சட்ட ஆவணங்கள் மட்டுமல்ல, ‘நாங்கள் இங்கே இருந்தோம்’ என்ற வாக்குமூலங்களுமாகும்.

செய்ய வேண்டியது

1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், பிம்சவிய என்ற பெயரில் நடைபெறும் பதிவில், காணி ஒரு வரைபடத்தின் துண்டு இலக்கமாகிறது. உரித்துக்கு உத்தரவாதம் தரும் அம்முறை வரவேற்கத்தக்கதே. ஆனால் புளியமரமும் குளமும் அயலவர் பெயரும் இலக்கத்துக்குள் வருவதில்லை. புதிய சான்றிதழ் கைக்கு வந்ததும் பழைய உறுதியைக் குப்பையில் போடுவோர், தம் ஊரின் ஒரு பக்கத்தைக் கிழிக்கிறார்கள்.

ஆகவே நமது பள்ளிவாசல்களும் நூலகங்களும் ஊர்ச் சங்கங்களும் பழைய உறுதிகளின் பிரதிகளை, உரியவரின் சம்மதத்தோடு, சேகரிக்கத் தொடங்க வேண்டும். காணிப் பெயர்களையும் எல்லைகளையும் பட்டியலிடுவதோடு தொடங்கினாலும் போதும். ஊர் வரலாறு எழுதும் இளைஞர்கள் பெரியவர்களின் வாய்மொழியைப் பேரேட்டோடும், பேரேட்டை வாய்மொழியோடும் ஒப்பிட்டு எழுதட்டும். நம் மூத்தோர் தமக்காக எழுதி வைத்தவை எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதை அப்போது காண்போம். கையெழுத்து வைக்கத் தெரியாதவரும் அங்கே தம் பெருவிரலைப் பதித்துச் சென்றிருக்கிறார்.